வீட்டுக் குப்பை: ஈரத்தைப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது

வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் பைதான். ஆனால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனப்பது பிளாஸ்டிக் இல்லை. காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சாப்பாடு, இவைதான் கனக்கின்றன. உலக வங்கி 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2016-ல் உலகம் முழுவதும் ஊர்களிலும் நகரங்களிலும் சேர்ந்த திடக்கழிவு சுமார் 201 கோடி டன். அதில் 44 சதவீதம் உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும். வருமானம் குறைந்த நாடுகளில் இது பாதியையும் தாண்டுகிறது. பணக்கார நாடுகளில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சரி, இதில் எவ்வளவு உரமாகிறது என்று பார்த்தால், மொத்தக் கழிவில் 5.5 சதவீதம்தான். மறுசுழற்சிக்குப் போவது 13.5 சதவீதம்.

ஆக, தொட்டியில் எதற்குப் பெரிய பங்கோ, அதன்மேல்தான் நம் கவனம் குறைவு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈரக்குப்பை தான் கெடுவதோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். காய்ந்த செய்தித்தாளுக்கு விலை உண்டு. அதன்மேல் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டால் எந்த ஆலையும் அதை வாங்காது. கண்ணாடிப் பாட்டில், அலுமினிய டப்பா, அட்டைப்பெட்டி எல்லாமே தனித்தனியாகக் கிடக்கும்வரை மூலப்பொருள்கள். ஈரத்தோடு ஒரே பையில் இரண்டு நாள் ஊறினால் யாரும் தொட விரும்பாத குப்பை. வீட்டில் உரம் தயாரிப்பது செடிக்காக என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், செடிக்குக் கிடைக்கும் பயன் இரண்டாவதுதான். தொட்டியில் மிச்சமிருக்கும் மற்ற பொருள்களைக் காப்பாற்றுவதே அதன் முதல் வேலை.

பிரித்துப் போடுவது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. பாரிஸ் நகர நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த யூஜீன் புபெல் 1883 நவம்பரில் ஒரு ஆணை போட்டார். வீட்டு உரிமையாளர்கள் தங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட தொட்டிகள் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. தொட்டி நிலைத்துவிட்டது. பிரிப்பதுதான் நிலைக்கவில்லை. அதே பிரான்சில், உணவுக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுக்க எல்லா வீடுகளுக்கும் வழி செய்துதர வேண்டும் என்ற சட்ட விதி நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 1-ஆம் தேதி. இடையில் 140 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மண்ணுக்குள் போனால் மக்கிவிடாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மக்கும் பொருள்தானே, எங்கே கொட்டினாலும் கடைசியில் மண்ணோடு மண்ணாகத்தானே போகப்போகிறது, அதை ஏன் வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும்?

இதற்கு நல்ல பதில் தந்தவர் ஒரு தொல்லியலாளர். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ராத்ஜே, பழைய நாகரிகங்களின் மண்மேடுகளைத் தோண்டும் அதே முறையில் இன்றைய மனிதர்களின் குப்பையைப் படிக்கலாமே என்று 1973-ல் ஒரு ஆய்வைத் தொடங்கினார். முதலில் வீட்டுத் தொட்டிகளில் விழுவதை வகைபிரித்து எடை போட்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் குப்பைமேடுகளையே துளை போட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்து வந்தவை, எழுத்து அப்படியே படிக்கக்கூடிய பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்கள். அடையாளம் தெரியும் அளவுக்கு உருக்குலையாத உணவுப் பொருள்களும் கிடைத்தன. எந்த ஆண்டில் புதைந்த குப்பை என்பதை, கூடவே கிடந்த நாளிதழின் தேதியைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

காரணம் எளிது. குப்பைமேட்டை அழுத்தி, அடுக்கி, மேலே மண் போட்டு மூடுகிறார்கள். உள்ளே காற்று கிடையாது, பல இடங்களில் ஈரமும் போதாது. காற்று இல்லாத இடத்தில் மக்குதல் மிக மெதுவாக நடக்கும். நடக்கும் அளவுக்கு மீத்தேன் வரும். மீத்தேன் காற்றுமண்டலத்தில் அதிக காலம் தங்காது என்றாலும், முதல் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதே காய்கறித் தோல் காற்றோட்டமான உரத்தொட்டியில் மக்கினால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெப்பமும்தான் வெளியேறும். பொருள் ஒன்றுதான், காற்று கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

ராத்ஜேயின் குழு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. மக்கள் தாங்கள் எதை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று சொல்வதும், அவர்கள் தொட்டியில் விழுவதும் ஒத்துப்போகவில்லை. குடித்த பீரின் அளவைக் குறைத்துச் சொன்னார்கள், நல்ல பழக்கங்களைக் கூட்டிச் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நினைக்கத் தேவையில்லை. தினமும் செய்வதை யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். குப்பையைக் குறைக்க நினைப்பவர் எதையும் வாங்குவதற்கு முன்னால், ஒரு வாரம் தன் வீட்டுத் தொட்டியில் என்னவெல்லாம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது அதனால்தான் நல்லது. பொதுவாகப் பிளாஸ்டிக்கை எதிர்பார்த்துத் திறப்போம். கண்ணில் படுவது பாதி தின்று போட்ட பழமாக இருக்கும்.

உரத்தொட்டிக்குள் நடப்பது

உரம் தயாரிப்பதை ஏதோ தோட்டக்கலை ரகசியம் மாதிரி பலர் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் செய்வது நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு போடுவது. அவற்றுக்கு வேண்டியவை நான்கு: கார்பன், நைட்ரஜன், தண்ணீர், காற்று. இதில் எது குறைந்தாலும் கூடினாலும் தொட்டி உடனே நமக்குச் சொல்லிவிடும். மூக்கு இருந்தால் போதும்.

கார்பன் அவற்றுக்கு ஆற்றல், நைட்ரஜன் உடல் வளர்ச்சிக்கு. கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு என்ற விகிதத்தில் கலவை இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சமையலறைக் கழிவில் இந்த விகிதம் பெரும்பாலும் 15 முதல் 20-க்குள் இருக்கும், அதாவது நைட்ரஜன் கூடுதல். காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை. மரத்தூளில் சில நூறு. அட்டையும் செய்தித்தாளும் நூறைத் தாண்டும். எனவே பச்சைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் மிச்ச நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும், மூக்கில் ஏறும். வெறும் காய்ந்த இலையைக் குவித்து வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கலக்க வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ என்று கண்ணளவில் போட்டாலே போதும். மரத்தூள் என்றால் அளவு நிறையக் குறைய வேண்டும்.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். தொட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான பதம். வழிந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போட்டுக் கிளற வேண்டும். பிடியைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். எடையில் 50 முதல் 60 சதவீதம் ஈரம் என்று நூல்களில் எழுதியிருப்பது இந்தப் பிடியைத்தான்.

காற்றுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். ஈரமான கழிவு தன் கனத்தாலேயே அமுங்கி, உள்ளே இருக்கும் இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைந்துவிடும். அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அழுகிய முட்டை வாடை வருவது அப்போதுதான். காய்ந்த இலை, சுள்ளி, கிழித்த அட்டை எல்லாம் கார்பனுக்காக மட்டும் அல்ல, அவை உள்ளே காற்றுக்கு வழி விடுகின்றன. அதனால் அட்டையைப் பொடியாக்கிவிடாமல் உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கசக்கிப் போடுவது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை அடியில் இருப்பது மேலே வரும்படி கிளறிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

எல்லாம் சரியாக அமைந்த ஒரு பெரிய குவியலில், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருந்தால், சில நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாது. நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் வேகத்தில் வரும் சூடு அது. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால் களைவிதைகளில் பெரும்பாலானவையும் நோய்க்கிருமிகளும் செத்துப்போகும். பிறகு மெல்ல ஆறும். ஆறும் கட்டத்தில் ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர்கள் பெருகும். வெள்ளை நூல் படர்ந்ததுபோல் தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்து கொட்டிவிட வேண்டாம். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைத் தருவதும் இந்தக் கூட்டம்தான். தொட்டியில் அந்த வாசனை வந்தால் உரம் பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மாடியிலோ பால்கனியிலோ வைக்கும் இருபது லிட்டர் வாளியில் இந்தச் சூடு வரவே வராது. வாளி சிறியது, உண்டாகும் சூடு சுற்றுச்சுவர் வழியே ஓடிவிடும். மக்குவது மக்கும், மெதுவாக; ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். விதைகள் சாகாது. வீட்டு உரம் போட்ட செடித்தொட்டியில் யாரும் நடாத தக்காளிக் கன்று முளைப்பது அதனால்தான். நோய் தாக்கிய செடியின் இலையையும், விதை கட்டிய களையையும் சிறு வாளியில் போடக்கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

உரம் தயாரிப்பதை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர்கள் வேளாண் ஆய்வாளர்களான ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும். இந்தூரில் 1920-களில், விவசாயக் கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டுக் குறிப்பிட்ட நாள்களில் புரட்டிவிடும் முறையைச் சோதித்து 1931-ல் வெளியிட்டார்கள். இந்தூர் முறை என்றே அது உலகெங்கும் பரவியது. உழவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததைப் பார்த்து, அளந்து, எழுதிவைத்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். இன்றைய பிளாஸ்டிக் உரத்தொட்டிகள் எல்லாம் அந்த அடுக்கும் புரட்டலும்தான்; விலை மட்டும் கூடியிருக்கிறது.

இடம் இல்லாதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள். ஒன்று மண்புழு உரம். தோட்டத்தில் ஆழமாகத் துளை போடும் மண்புழு இதற்கு உதவாது. மேல்மட்டத்தில் சருகைத் தின்று வாழும் ஐசினியா ஃபெடிடா போன்ற சிவப்புப் புழு வேண்டும். 15 முதல் 25 டிகிரி அதற்குச் சுகம். வெயிலில் வைத்த பெட்டியில் ஒரே நாளில் மொத்தமும் செத்துப்போகும். இன்னொன்று ஜப்பானிலிருந்து வந்த பொகாஷி. நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு வாரம் புளிக்க வைப்பார்கள். மக்கிய உரமாக வெளியே வராது, புளித்த கழிவாகத்தான் வரும், அதை மண்ணில் புதைத்தால் பிறகு சீக்கிரம் மக்கும். புதைக்க மண் இல்லாதவர் இதை வாங்கி என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. இறைச்சி, மீன் மிச்சத்தையும் ஏற்கும் என்பது இதன் பெரிய சாதகம். சாதாரணத் தொட்டியில் அவற்றைப் போட்டால் நாற்றமும் எலியும் வரும்.

பழ ஈ மொய்த்தால் மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ கிழித்த காகிதமோ போட்டு மூடுங்கள், அது முட்டையிட ஈரமான மேற்பரப்பு கிடைக்காது. வெளுத்த பழுப்பில் தடித்த புழுக்கள் நெளிந்தால் அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகள். பார்க்க அருவருப்பாக இருக்கும், வேலைக்கு அவற்றைப்போல் ஆள் கிடையாது. வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் வந்து உட்காராது.

அப்புறம், தொட்டிக்குள் நைசாக நுழைந்துவிடும் சில பொருள்கள். பழத்தின்மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர் பிளாஸ்டிக். டீ பையில் பல வகைகளின் ஓரம் பிளாஸ்டிக் இழையால் ஒட்டப்பட்டது. தூளைக் கொட்டிவிட்டுப் பையை வெளியே போட வேண்டும். கடை ரசீது வெப்பக் காகிதம், பூச்சில் பிஸ்ஃபீனால் வகை ரசாயனம் இருக்கலாம், அதுவும் வேண்டாம். மக்கும் பிளாஸ்டிக் என்று அச்சிட்ட கரண்டியும் கோப்பையும் இன்னொரு ஏமாற்றம். அவற்றில் பெரும்பாலானவை பிஎல்ஏ என்ற பொருளால் ஆனவை. மக்குமா என்ற சோதனையே 58 டிகிரியை ஒட்டிய சூட்டில், தொழிற்கூட நிலைமையில்தான் நடக்கிறது. சூடே ஏறாத நம் வாளியில் அது ஆண்டுக்கணக்கில் கரண்டியாகவே இருக்கும்.

உரம் தயாரா என்று பார்க்க ஒரு பிடியை ஈரமாக ஜிப் பையில் மூடி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வந்தால் போடலாம், புளித்த வாடை வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பாதி மக்கியதைச் செடிக்குப் போட்டால் அது மண்ணிலிருக்கும் நைட்ரஜனைத் தனக்கு இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். இதில் நைட்ரஜன் 1, 2 சதவீதம்தான் என்பதால் கடை உரம் மாதிரி மறுநாளே பலன் எதிர்பார்க்க முடியாது. மண்ணைப் பொலபொலப்பாக்கும், தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

முக்கோணம் சொல்லாத சேதி

ஈரம் தனியே போனபிறகு மிஞ்சுவது உலர்ந்த குப்பை. இங்கே பெரிய குழப்பத்தை உண்டாக்குவது ஒரு சின்னம். மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் முக்கோணத்தை 1970-ல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988-ல் பிளாஸ்டிக் தொழில் கூட்டமைப்பு ஒன்று அதே வடிவத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் அம்பைப் பார்த்தால் யாருக்கு அப்படித் தோன்றாது? 2013-ல் அந்தக் குறியீட்டின் தர விதியில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நடைமுறையில் 1 (தண்ணீர் பாட்டில்), 2 (ஷாம்பு பாட்டில், கேன்), ஓரளவுக்கு 5 (உணவு டப்பா, மூடிகள்) ஆகியவற்றுக்குத்தான் வாங்க ஆள் உண்டு. 3, 6, 7-க்குப் பெரும்பாலான இடங்களில் இல்லை. 4 மெல்லிய பைகள். பிரிப்பு ஆலையின் சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். 2017-ல் வந்த ஒரு விரிவான ஆய்வு 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் 830 கோடி டன் என்று கணக்கிட்டது. அதில் குப்பையானது 630 கோடி டன். மறுசுழற்சி ஆனது ஏறக்குறைய 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12, மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் வெளியிலும். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபோது, நாங்கள் மறுசுழற்சி செய்கிறோம் என்று நம்பியிருந்த பல நாடுகளுக்குத் தங்கள் குப்பை இத்தனை நாள் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

உலோகத்தின் கதை வேறு. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதில் நூறில் ஐந்து பங்கு ஆற்றல் போதும். எனவே ஒரு டப்பாவைக்கூட விட்டுவிடாதீர்கள். பளபளவென்று இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நொறுக்குத்தீனி பாக்கெட்டைக் கையில் கசக்கி விடுங்கள். சுருண்டபடியே கிடந்தால் அலுமினியத் தாள். மெல்ல விரிந்து பழைய உருவத்துக்கு வந்தால், உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக். பின்னதற்கு வழி கிடையாது. இரும்பா அலுமினியமா என்று தெரியவில்லையானால் ஒரு காந்தம் போதும்.

கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம், தரம் குறையாது. ஆனால் பாட்டிலோடு அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தையோ பீங்கானையோ கலந்தால் கெட்டது, அவை உருகும் சூடு வேறு. காகித நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகும், ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது. எண்ணெய் படிந்த அட்டை ஆலைக்கு வேண்டாத பொருள், உரத்தொட்டிக்கு நல்ல பொருள். பால், பழச்சாறு வரும் அட்டைப்பெட்டியை வெட்டிப் பார்த்தால், நாள்படக் கெடாமல் வைக்கும் வகைப் பெட்டியில் சுமார் 75 சதவீதம் அட்டை, 20 சதவீதம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், 5 சதவீதம் அலுமினியம். அட்டை நாரைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். அப்படி ஆலை பக்கத்தில் இருந்தால் கழுவிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அது அட்டையுமில்லை பிளாஸ்டிக்கும் இல்லை.

சந்தேகமாக இருக்கிறது, எதற்கும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவைப்போம் என்பது நல்ல மனசுதான். விளைவு நல்லதாக இல்லை. தயிர் ஒட்டிய டப்பா ஒன்று, மூடி திறக்காத சாஸ் பாட்டில் ஒன்று போதும், கூடவே இருக்கும் காகிதமெல்லாம் வீண். தெரியாவிட்டால் சாதாரணக் குப்பையில் போடுவதே மற்ற பொருளுக்குச் செய்யும் உதவி. லித்தியம் பேட்டரி மட்டும் இரண்டிலும் கூடாது. குப்பை லாரி அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய போன், பொம்மை, மின்சிகரெட் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. குழல்விளக்கில் பாதரசம் உண்டு, அதையும் தனியே ஒப்படைக்க வேண்டும்.

தொட்டிக்கு வருவதற்கு முன்னால்

மேலே சொன்னதெல்லாம் குப்பை ஆனபிறகு செய்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 கழிவு விதி இதை ஒரு வரிசையாக வைத்திருக்கிறது: முதலில் உருவாகாமல் தடுப்பது, பிறகு மறுபடி பயன்படுத்தத் தயார்செய்வது, அதற்குப் பிறகுதான் மறுசுழற்சி. நம் வீடுகளில் பேச்சு தலைகீழாகத்தான் நடக்கிறது, மறுசுழற்சியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

உணவில் இது பளிச்சென்று தெரியும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022-ல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. தோலையும் கொட்டையையும் உரமாக்குவது சரி. சமைத்து, குளிர்பெட்டியில் மறந்து, கெட்டபின் கொட்டியதை உரமாக்கினால் அதை விளைவிக்கச் செலவான தண்ணீரும் எரிபொருளும் திரும்பி வராது. உரத்தொட்டி வைத்த சில வீடுகளில் வீணடிப்பது கொஞ்சம் கூடவே செய்கிறது என்பது என் சந்தேகம். உரமாகத்தானே போகிறது என்ற சமாதானம் கைவசம் இருப்பதால்.

மறுபயன்பாட்டிலும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-ல் ஒரு ஒப்பீடு வெளியிட்டது. புவி வெப்பமாதல் என்ற ஒரே அளவுகோலில், ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வரவே ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பிளாஸ்டிக் பையே தேவலை என்று முடிவுகட்ட வேண்டாம், கடலில் மிதக்கும் பையின் கெடுதல் அந்த அளவுகோலுக்குள் வராது. ஆனால் விழாவுக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று என்று அலமாரியில் அடுக்கிவைத்த துணிப்பைகள் எதையும் காப்பாற்றவில்லை. இருக்கும் பை எதுவோ அதைக் கிழியும்வரை தூக்கிச் செல்வதுதான் மறுபயன்பாடு. அழகான கண்ணாடி ஜாடிகளைப் புதிதாக வாங்கி அடுக்கி, பழைய பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடுவதும் இதே கதைதான்.

பழுது பார்ப்பதற்குச் சட்டத்தின் துணை இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. 2021 முதல் பிரான்சில் மடிக்கணினி போன்ற சில பொருள்களின்மேல் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் ஒட்ட வேண்டும். துணியில் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நூலைத் திரும்பப் பிரிப்பது கடினம், எனவே பழைய சட்டை புதுச் சட்டையாவது மிக அரிது. பெரும்பாலும் அது துடைக்கும் துணியாகவோ அடைக்கும் பஞ்சாகவோதான் ஆகிறது. அதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இவ்வளவும் செய்தபிறகு தொட்டியில் ஏதாவது மிஞ்சத்தான் செய்யும். டயப்பர், நாப்கின், பல அடுக்குப் பாக்கெட், பசை ஒட்டிய டேப், உடைந்த பீங்கான், வீடு பெருக்கிய தூசு. டயப்பரும் நாப்கினும் தூசும் ஒருபுறம் இருக்கட்டும், பாக்கெட்டுக்கும் டேப்புக்கும் வீட்டில் இருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எந்த வழியும் கிடையாது, ஏனென்றால் அவற்றை வடிவமைக்கும்போதே யாரும் வழி யோசிக்கவில்லை. அந்த மிச்சத்துக்கு வீட்டுக்காரர் குற்ற உணர்ச்சி கொள்வதில் அர்த்தமில்லை. 1991-ல் ஜெர்மனி, பொட்டலத்தைத் திரும்பப் பெற்றுக் கையாளும் செலவை அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனங்களின் தலையிலேயே வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-ல் அமலுக்கு வந்த பொட்டல விதி இன்னும் ஒரு படி மேலே போய், 2030-க்குள் சந்தைக்கு வரும் எல்லாப் பொட்டலமும் மறுசுழற்சி செய்யக்கூடியதாக வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது. மருந்து போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.